எம் ஐம்பத்துநாலு புள்ளி இரண்டு

அமெரிக்காவில் யாருக்கோ கழுத்து வலித்தால்
கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மாடி வீட்டில்
நான் அதற்கு எண் போடுவேன்:
எம் ஐம்பத்துநாலு புள்ளி இரண்டு.
நாளைக்கு நூற்றிருபது கோப்புகள்.
முழங்கால், பித்தப்பை, நாய்க்கடி,
ஏணியிலிருந்து விழுந்தவர் வந்தது
முதல் வருகையா, மறுவருகையா,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
என் கழுத்துக்கு மட்டும் தைலம்.

மூன்று வருடம் லேப்டாப் மேசையில் கிடந்தது.
கிணற்றில் விழுந்த செம்பைத் தேடுகிறவள்போல
நான் அதற்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
"நாகவேணி, உங்க ஃபேன் நல்லா சுத்துது"
என்றார் மீட்டிங்கில் லிங்கராஜு சார்.
பெங்களூருக்குத் தெரிந்ததெல்லாம்
என் மூக்குத் துவாரமும்
ஒட்டடை பிடித்த மின்விசிறியும்தான்.

பிசியோதெரபி ஷபானா
என் பிடரியில் கட்டைவிரலை ஊன்றிச் சொன்னாள்:
"தலை அஞ்சு கிலோ. குனியக் குனிய எடை ஏறும்.
ராயக்கோட்டை தக்காளிக் கூடையை
மூக்குல மாட்டிக்கிட்டு எட்டு மணி நேரம் உட்காருவியா?
அதைத்தான் பண்றே.
திரையோட மேல்விளிம்பு
கண்ணுக்கு நேரா வரணும்."

முதலில் அடுக்கியது குரூப் ஃபோர் வழிகாட்டிகள்.
பொதுத்தமிழ், மேலே பொது அறிவு, அதற்கு மேலே திறனறிவு.
மூன்று தடவை எழுதி
கடைசியில் ஒன்றரை மதிப்பெண்ணில் கைவிட்டவை.
நாலு விரல் உயரம் தந்தன, நன்றி.
அடியில் காற்றுப் போகாமல் லேப்டாப் கொதித்தது;
திறனறிவின் அட்டை சுருண்டது.

பிறகு மாம்பழ கிரேட்.
காவேரிப்பட்டணம் மண்டியிலிருந்து
திம்மராஜ் வண்டியில் போட்டு வந்தான்.
உயரம் கூடிப்போய்
தியேட்டரில் முதல் வரிசையில் மாட்டியவளானேன்.
எறும்பும் வந்தது.

ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய்.
ரவுண்டானாவில் நின்று கூரியர் பையன்
மூன்று முறை வழி கேட்டுக் கொண்டுவந்த
அலுமினிய ஸ்டாண்ட்.
ஆறு பல், இரண்டு கால்.
லேப்டாப் ஏறியதும் கையும் கூடவே ஏற,
தோள் பிடித்துக்கொண்டது.
அதனால் தனிக் கீபோர்டு,
கீபோர்டு வந்ததால் மவுஸ்;
சம்பந்தி வீட்டார்போல ஒருவர் பின்னால் ஒருவராக
மேசைக்கு வந்து சேர்ந்தார்கள்.

நிமிர்ந்தேன்.
திரைக்கு மேலே ஜன்னல்,
ஜன்னலில் கோட்டை மலை
என்று எழுத ஆசைதான்.
எதிர்வீட்டுக்காரர் புதிதாக ஏற்றிய
கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது.
அதன் ஓரமாக, ஒரு கீற்று, பாறை.

இரவில் திம்மராஜ்
தன் பழைய லேப்டாப்பை அதில் ஏற்றி
மண்டிக் கணக்கு பார்ப்பான்.
என்னைவிட ஒரு சாண் உயரம்.
மூன்றாம் பல்லில் இருந்தது ஐந்துக்குப் போகும்.
காலையில் திட்டிக்கொண்டே இறக்குவேன்.

ஒன்பது வருடமாக எங்களுக்குள்
எல்லாவற்றுக்கும் ஒரு நடு அளவு உண்டு.
குழம்பில் காரம், ஃபேன் வேகம்,
தீபாவளிக்கு யார் வீடு.
நடு என்று பெயர்; அளந்து பார்த்தால்
கொஞ்சம் நான் குனிகிற பக்கம்தான் இருக்கும்.
இதிலும் முயன்றோம், ஒரு வாரம் நாலாம் பல்.
இருவருக்கும் வலித்தது.

நெயில் பாலிஷ் எடுத்து
மூன்றாம் பல்லில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.
அவன் எதுவும் கேட்கவில்லை.
இப்போதும் சில காலைகளில் ஐந்தில்தான் நிற்கிறது.
சில காலைகளில் இல்லை.

இன்று முதல் கோப்பு:
ஒஹையோ, ஐம்பத்திரண்டு வயது, பெண்,
அலுவலக வேலை, எட்டு மாதமாகக் கழுத்துவலி.
எண் போட்டேன்.
எடை இருந்தது, ரத்த அழுத்தம் இருந்தது,
அவள் அம்மாவுக்குச் சர்க்கரை என்றுகூட இருந்தது.
அவள் மேசை என்ன உயரம் என்று
மேலும் கீழும் தேடிப் பார்த்தேன்.
யாரும் எழுதியிருக்கவில்லை.