ஜெலுத்தோங்கில் ஒரு விளக்குக் கம்பம்

மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தது அந்த விளக்கு,
ஜாலான் பேராக் முனையில்,
என் இரண்டாம் மாடிச் சன்னலுக்கு நேரே.
மாநகர் மன்றத்துக்கு நான்தான் புகார் எழுதினேன்:
குமுதவல்லி த/பெ ஆண்டியப்பன்,
கம்பம் எண் நானூற்றுப் பதினேழு,
இரவில் தூக்கமில்லை.

தூக்கமில்லாததற்கு வேறு காரணமும் உண்டு.
படிவத்தில் அதற்கு இடம் விடவில்லை.

மேசையில் கணினி, அதில் ஒரு கோடு
எழும், சரியும், துடிக்கும்.
முப்பது கோடி ஆண்டு நடந்து வந்த எக்ஸ் கதிர்களை
ஒரு செயற்கைக்கோள் ஒவ்வொன்றாக எண்ணி அனுப்பிய கணக்கு.
கருந்துளை அதில் இல்லை.
அதன் வாய்க்கு மேலே கொதிக்கும் வாயுதான் இருக்கிறது:
நூறு கோடி பாகை,
ஆனால் ஒரு மூச்சுக்குக்கூடப் போதாத மெலிவு.
என்ன வடிவம் என்று யாருக்கும் தெரியாது.
சோற்றுப் பானை ஆவிபோலத் தட்டை மூடியிருக்கும் என்பார் சிலர்.
நாங்கள் வசதிக்காக அதை ஒரு புள்ளியாக்கி
மேலே தொங்கவிட்டுக் கணக்குப் போடுவோம்.
அந்த மாதிரிக்குப் பெயரே
விளக்குக் கம்பம்தான்.

மேலே மினுங்கினால்
கீழே சுழலும் தட்டு பிந்தி மினுங்கும்.
நூற்றிருபது விநாடி பிந்தி.
அதை வைத்துத்தான் உயரம் அளக்கிறேன்,
பட்டர்வொர்த் பக்கம் மின்னல் வெட்டியதும்
இடி கடல் தாண்டி வரும்வரை
விரல் மடக்குகிற பிள்ளை மாதிரி.

இன்னொன்று. இதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்:
வெளிச்சம் கூடக் கூட
நடுக்கமும் கூடுகிறது, அதே விகிதத்தில்.

புதன்கிழமை இருட்டியதும் தூக்கி லாரி வந்தது.
சட்டையில் ஃபைசூல் என்று பெயர்.
ஏறாமலே, அண்ணாந்து பார்த்து,
சோக் போய்விட்டது, பல்பு இல்லை என்றான் மலாயில்.
எப்படித் தெரியும்?
பல்பு சாவதென்றால் அணைந்து அணைந்து எரியும்,
இப்படி நடுங்காது.
சொல்லிவிட்டு மேலே போய்விட்டான்.
ஐந்து வருடமாக நானும் இதே வேலைதான் பார்க்கிறேன்
என்று யாரிடம் சொல்ல?
கீழே நின்று அவன் ஏணிக்கு வழிவிட்டேன்.

பதினோரு நிமிடம்.
விளக்கு நின்று எரிந்தது,
செம்மஞ்சளாக, ஒழுங்காக, வாய் திறக்காமல்.
எவ்வளவு உற்றுப் பார்த்தும் அதிலிருந்து
ஒரு எண்கூட எடுக்க முடியவில்லை.

அன்றிரவு சியூ ஹூன் செய்தி அனுப்பினாள்:
புதுத் தரவு பார்த்தாயா?
பார்த்தேன். கோடு தரையோடு கிடந்தது.
வாயு உள்ளே விழுந்துவிட்டதா,
தட்டு அறுந்து தீனி நின்றதா,
கருவியில் கோளாறா?
அவளுக்கு இன்னும் பதில் போடவில்லை.

ஒரு மணி நேரத்தில் இருபத்தாறு கதிர்கள், அவ்வளவுதான்.
ஒவ்வொன்றும் வந்த நேரத்தைக் காப்பி பில்லின் பின்னால் எழுதுகிறேன்,
இடைவெளிகளைக் கழித்துப் பார்க்கிறேன்.
இரண்டு, நூற்று நாற்பது, ஒன்பது, முந்நூறு.
எதுவும் சமமாக இல்லை.
அது எதையும் நிரூபிக்காது, தெரியும்.
திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி
இருபத்தேழாவதற்குக் காத்திருக்கிறேன்.