அறுத்துப் பார்த்தல்

காப்பு எடுப்பது எப்படி என்று
நாற்பத்தொரு பக்கம் எழுதியிருக்கிறார்கள்.
மீட்பது எப்படி என்பதற்கு
ஒன்றரை.
அந்த அரையிலும் ஒரு படம்:
உருளை ஒன்று, அம்புக்குறி, இன்னோர் உருளை.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி.
ஏலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேரம்.
சர்வர் செத்துப்போய்
விளக்கு மட்டும் பச்சையாய் எரிகிறது.
நேற்றைய நூற்றுப் பன்னிரண்டு லாட்,
எடை, விலை, யார் கணக்கில் எவ்வளவு,
எல்லாம் உள்ளே.

'பழுதற்ற கடைசிக் காப்பிலிருந்து மீட்கவும்'
என்கிறது கையேடு.
எது பழுதற்றது?
அடிக்குறிப்பு இன்னோர் அத்தியாயத்துக்கு அனுப்பியது.
அந்த அத்தியாயம்
'வாசகர் முன்பே அறிந்தபடி' என்று தொடங்கியது.

அறியேன்.
இரவு பதினொன்றுக்குக் காப்பு ஓடும்.
'வெற்றி' என்று ஒரு வரி விழும்.
பார்த்துவிட்டு வண்டியை எடுப்பேன்.
பதினான்கு மாதம், நானூற்றுச் சொச்சம் வெற்றிகள்.
ஒன்றைக்கூடத் திறந்ததில்லை.
திறந்து பார் என்று
நாற்பத்தொரு பக்கத்தில் ஒரு வரியும் இல்லை
என்று சொல்லலாம்தான்,
மேலாளர் கேட்டால்.

ஜன்னலுக்கு வெளியே
நல்லம்பள்ளி மாதம்மாளின் வெண்கூடு
தட்டில் கொட்டப்படுகிறது.
நூற்பாலைக்காரர் சென்றாயன்
ஒரு கூட்டைக் காதோரம் குலுக்கினார்.
பிறகு பிளேடால் கீறினார்.
உள்ளே புழு நெளிகிறதா,
கறுத்துக் கசிந்துவிட்டதா.
இன்னொன்று. இன்னொன்று.
தட்டின் அடியிலிருந்து ஒன்று.
மாதம்மாள் கை கட்டி நின்றாள்.
அறுத்ததெல்லாம் வீண்தானே என்று
போன மாசியில் கேட்டிருக்கிறேன்.
"அஞ்சு போனா போவுது சார்,
மிச்சத்துக்கு வெல வேணுமில்ல?"

திறக்க ஆரம்பித்தேன்.
நேற்றையது: பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.
முந்தாநாளையது பாதியில் நின்றது.
அதற்கு முன் ஆறும் அப்படியே,
ஒவ்வொன்றின் நெற்றியிலும் 'வெற்றி'.
ஒன்பதாம் நாள்
உயிரோடு கிடைத்தது.

நடுவில் விழுந்த எட்டு நாளைப்
பாதித் தட்டச்சில், பாதி மன்றாட்டில்
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.
மடித்து, வியர்வையில் ஊறிய
எடைச்சீட்டுகளை
இடுப்புச் சுருக்கிலிருந்து எடுத்துத் தருகிறார்கள்.
ஒன்றில் பேருந்துக் கணக்கு எழுதியிருக்கிறது.

ஏலம் தாமதம் என்று
ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று.
காரணம் சொல்லவில்லை.
வெயில் ஏறுகிறது.
காத்திருக்கும் கூடு
எடை குறைந்துகொண்டே போகும்.
மாதம்மாள் முந்தானையை நனைத்துவந்து
தட்டின் மேல் விரிக்கப் பார்க்கிறாள்.
நனைக்கக் கூடாது என்று
காவலாளி சத்தம் போடுகிறார்.