உறுதிமொழித் தளவாடம்

வரிசை எண் நாற்பத்தொன்று:
நற்செய்தி நூல், வெள்ளி உறை, கொக்கி இரண்டு.
நாற்பத்திரண்டு:
குர்ஆன், கசான் அச்சு, பச்சைத் துணியில் பொதிந்தது.
நாற்பத்து மூன்று:
தோரா, தோல் சுருள், மரத்தண்டு ஒரு ஜோடி.
மூன்றுக்கும் ஒரே தலைப்பு, உறுதிமொழித் தளவாடம்.
மேல் வரியில் வாளிகள்,
கீழே குதிரை லாடம்.

எழுதியவன் நான்தான். லுகா பனாசென்கோ,
வொலீனியாவில் ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருந்த
ராணுவக் கிடங்கின் எழுத்தன்.
கடவுள்களை எனக்குப் பழக்கமில்லை.
எடை தெரியும், எண்ணிக்கை தெரியும்.

புதுப் பையன்களை மதவாரியாக நிறுத்துவோம்.
சிலுவைக்காரர்கள் முத்தமிட்டார்கள்.
தாத்தாரியர்கள் உள்ளங்கை வைத்தார்கள்.
முல்லா கபிதுல்லாவுக்கு அன்று பல்வலி,
கன்னத்தைப் பிடித்தபடியே சொல்லிக்கொடுத்தார்.
யூதப் பையன்கள் தலையை மூடிக்கொண்டார்கள்.
பேரரசருக்காகச் சாவேன் என்பதை
மூன்று நூலும் ஒன்றுபோலக் கேட்டுக்கொண்டன.

கோடையில் பின்வாங்கினோம்.
ஆற்றங்கரையில் ஒரு வண்டி குறைந்தது.
வெள்ளி உறைக்கு இடமிருந்தது,
பச்சைத் துணியை முல்லா மடியில் வைத்துக்கொண்டார்,
நாற்பத்து மூன்று கரையிலேயே நின்றுவிட்டது.
வாளிகள் வந்துசேர்ந்தன.

தோற்கிற படைக்கு ரொட்டிக்கு முன்னால்
ஒற்றன் வேண்டும்.
ஜெர்மன் குடியானவர்களைக் கிழக்கே ஏற்றி அனுப்பியபின்
அவர்களுடைய பைபிள்களை என் மேசையில் கொட்டினார்கள்.
பிரித்தேன். படத்தில் அதே ஏசு,
அதே இரண்டு மீன், ஐந்து அப்பம்.
"எழுத்து எதிரியுடையது" என்றார் கேப்டன் ஸ்துபின்.
பறிமுதல் என்று எழுதினேன்.

எபிரேய எழுத்தில் இனி அச்சு கூடாது, கடிதம் கூடாது.
அதோடு தொலைபேசி வேறு.
ஜெப ஆலயப் பேழைக்குள் ஒளித்துவைத்து
எதிரியோடு பேசுகிறார்களாம்;
ரொட்டிச்சூளை வரிசையில் யாரோ சொன்னது.

வைக்கோல் மேல் சுருளை விரித்தோம்.
கோவில் காவலர் ஹெர்ஷ்பேர் கூடவே தவழ்ந்து வந்தார்,
எங்கள் பூட்ஸுக்கும் எழுத்துக்கும் நடுவே
தன் கோட்டை விரித்து விரித்து.
தோல்கள் சேரும் தையலில் கேப்டனின் நகம் நின்றது.
"கம்பி."
"நரம்பு, ஐயா. மாட்டு நரம்பு.
நூலால் தைக்கக் கூடாது, அது சட்டம்."
"யார் சட்டம்?"
அறுத்தார்.
விளக்கில் காட்டினார். முடி கருகும் நாற்றம்.
எழுதினேன்: கம்பி இல்லை. நரம்பு, ஒரு சாண்.

அடுத்த வாரமே ஏழு யூதப் பையன்கள் வந்தார்கள்.
சட்டப்படி தோரா வேண்டும்.
அந்த ஊரில் இருந்தது ஒன்றுதான்.
ஹெர்ஷ்பேர் கையை விரித்தார்:
"அறுந்ததை வைத்து வாசிக்கவே கூடாது.
சத்தியம் எப்படிச் செய்வது?"
கேப்டன் என் பக்கம் திரும்பினார்.
முத்திரையை ஊதி ஈரமாக்கி,
தகுதியானது என்று குத்திக்கொடுத்தேன்.

ஏழு பேரும் சொன்னார்கள்.
ஸெலிக் ஃபுக்ஸ்மன், கடிகாரக் கடையில் வேலை பழகியவன்,
இரண்டு தோலும் விலகாமலிருக்க
பிளவின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டே சொன்னான்.
பிறகு என்னிடம் ஊசி கேட்டான்.
சாக்கு ஊசிதான் இருந்தது.
"பரவாயில்லை. அந்த நரம்பு?"
அது கோப்போடு தலைமையகம் போய்விட்டது.

இலையுதிரும்போது அவன் அம்மாவுக்கு எழுதியது
என் மேசைக்கு வந்தது,
கூடாத எழுத்தில் இருந்ததால்.
திங்கட்கிழமைப் பட்டியலில் அவன் பெயரும் வந்தது,
கூடிய எழுத்தில்.

கடிதத்தை எந்தத் தலைப்பில் ஏற்றுவது?
பேரேட்டைப் பின்னாலிருந்து முன்னால்
புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
வலமிருந்து இடம் போகிற ஒன்பது வரி.
எண்ண முடிந்தது அவ்வளவுதான்.