சரிவில் நிறுத்துவது

யெஸ்டியில் கிக்கரும் கியரும்
ஒரே இரும்பு.
உள்ளே அமுக்கித் திருப்பினால் உதைக்கலாம்,
விட்டுவிட்டால் கியர்.
இரண்டுக்கும் இடது கால் வேண்டும்.
எனக்கு இடது முட்டி மடங்காது.

"அப்புறம் எதுக்கும்மா இந்த வண்டி?"
செவ்வாய்பேட்டை பழைய இரும்புக் கடையில்
தராசுக்குப் பின்னாலிருந்து கேட்டார்.
எழுபத்தெட்டாம் வருஷத்து உடம்பு,
வேறெதிலிருந்தோ பிடுங்கிய டேங்க்,
இரண்டு சைலன்சரில் ஒன்று இல்லை.
நான் விலையை மட்டும் பேசினேன்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் ஒன்று
கலெக்டர் ஆபீசில் கொடுத்திருந்தார்கள்.
நல்ல வண்டி. குறை சொல்ல மாட்டேன்.
வளைவில் சாயாது, அவ்வளவுதான்.

பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தேன்,
கேரி பேக்கில் சுற்றி, மத்தி மீனுக்குப் பக்கத்தில்.
கிராங்க் கேஸ் இட்லிச் சட்டியில் வெந்தது.
சூட்டில் அது விரியும், குளிரில் இது சுருங்கும்,
இரண்டும் மனசு மாறுவதற்குள்
கந்தைத் துணியால் பிடித்துப் போட வேண்டும்.
டொக்.
உட்கார்ந்துவிட்டது.
அன்று ராத்திரி இட்லியில் லேசாக கிரீஸ் வாசம்.
வெள்ளைக்கல் சுரங்கத்தில் ஷிப்டு முடித்து
புருவமெல்லாம் வெளுத்து வந்த குழந்தைவேலு
இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார்.
வேறொன்றும் கேட்கவில்லை.

ஆட்டோவுக்கு சீட் தைப்பது என் பிழைப்பு.
அந்த டேப்பாலேயே காலை அளந்தேன்.
டாக்டர்கள் இரண்டு காலையும் அளந்து
வித்தியாசத்தை எழுதிக்கொள்வார்கள்.
நான் ஒன்றை மட்டும் அளந்து
ஃபுட்ரெஸ்டை முன்னால் தள்ளிப் போட்டேன்.

கியர் கம்பியை மேலே தூக்கி
டேங்குக்குப் பக்கத்தில், கைக்கு.
காலண்டர் முதுகில் வரைந்து கொடுத்ததை
லேத் பட்டறை கவுஸ் மூன்று தரம் வளைத்தார்.
முதல் கம்பி முட்டியில் இடித்திருக்கிறது,
சுடிதார் கிழிந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.
மூன்றாவது சரி.
உச்சியில் பழைய தையல் மெஷின் கைப்பிடி.
இந்த வண்டியில் கியர் அசைந்தாலே
கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும்.
செய்தவனுக்கு என்னைத் தெரியாது.
தெரிந்து செய்தது போலத்தான் இருந்தது.

உதைக்க மட்டும் வழியில்லை.
உருட்டித்தான் கிளப்ப வேண்டும்.
கோரிமேட்டில் வீடு, வாசலே இறக்கம்,
அங்கே கவலையில்லை.
மற்றபடி சேலம் முழுக்க
சரிவு தேட ஆரம்பித்தேன்.
அஞ்சு ரோடு என்றால் பாலத்து ஓரம்.
பேங்குக்கு, ரெண்டு தெரு தள்ளி
கல்யாண மண்டபத்து முன்னால்.
ரேஷன் கடை தட்டையான இடம்,
அங்கே அவர் போகட்டும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு விடிகாலை
ஏற்காடு ஏறினேன்.
அடிவாரத்துச் செக்போஸ்டில்
"யார் ஓட்டிட்டு வந்தது?" என்று
எனக்குப் பின்னால் பார்த்தார் போலீஸ்காரர்.
மூன்றாம் வளைவில் சாய்ந்தது வண்டி.
நானும்.
நாலில், ஐந்தில், இன்னும் கொஞ்சம்.

பதினொன்று தாண்டி, பஸ்ஸுக்குப் பின்னால்,
புகையை விட்டுவிட்டு நின்றுபோனது.
முகம் மலையைப் பார்த்து.
ஏற்றத்தில் எதை உருட்டுவது?
காரை நிறுத்தி ஒரு பையன் வந்தான்,
உதவி செய்கிறேன் அக்கா என்று
கிக்கர் எங்கே என்று தேடினான், குனிந்து, நிமிர்ந்து,
அந்தப் பக்கம் போய், இந்தப் பக்கம் வந்து.
வண்டியைத் திருப்ப மட்டும் பிடி தம்பி என்றேன்.

கீழே சேலம்.
தோண்டிய வெள்ளைக் குன்றுகள், தகரக் கூரைகள்,
எங்கேயோ மரவள்ளி மில்லின் புகை.
வலது கால் பிரேக்கை விட்டது.
பதினொன்றில் சத்தமே இல்லாமல் சாய்ந்தோம்,
செயின் மட்டும் முணுமுணுத்தது.
பத்தும் போனது.
தையல் மெஷின் கைப்பிடியை இரண்டில் தட்டினேன்.
ஒரு இருமல்.
ஒரு நீளமான இருமல்.
அப்புறம் டேங்கின் நடுக்கம் உள்ளங்கைக்கு வந்தது.

அகலமான இடம் பார்த்துத் திரும்பினேன்.
பையன் இன்னும் அங்கேயே நின்றிருந்தான்,
கை காட்டினான், நான் காட்டவில்லை,
கை கியரில் இருந்தது.

மேலே தேநீர்க் கடையில் சொன்னார்கள்,
மொத்தம் இருபது வளைவு என்று.
நான் ஏறியது இருபத்திரண்டு.
கடை முன்னால் ரோடு தட்டை.
கொஞ்சம் கீழே, ஒரு காபித் தோட்டத்து கேட் ஓரம்
நிறுத்திவிட்டு வந்திருந்தேன்,
முகம் இறக்கத்தைப் பார்த்து.