சுவரில் ஒரு முட்டை

முதுநகரில் என் பெயர் கொசுக்காரி.
தினக்கூலிச் சீட்டில் சுகந்தவல்லி என்றிருக்கும்,
அதை எந்த வீட்டிலும் கேட்டதில்லை.
ஒரு நாளைக்கு ஐம்பது வீடு.
தொட்டி, டிரம், ஃபிரிட்ஜின் பின்தட்டு,
மாடியில் யாரோ மறந்த பெயிண்ட் டப்பா.
டார்ச் அடித்தால்
தண்ணீருக்குள் காற்புள்ளிகள் துள்ளும்.
எண்ணுவேன். போனில் ஏற்றுவேன்.
வாசல் சுவரில் சாக்கட்டியால்
தேதி, புழுக் கணக்கு, சு.

படிவத்தின் கடைசியில் 'இதர' என்றொரு கட்டம்.
சிப்காட் பக்கமிருந்து காற்று திரும்பிய ஒரு மதியம்
அதில் நாற்றம் என்று எழுதினேன்.
எண் மட்டும் ஏற்கும் கட்டமாம்,
ஆபீஸில் யாரோ அதை 0 ஆக்கிவிட்டார்கள்.

'பூட்டு' பத்தைத் தாண்டினால்
வீரப்பெருமாள் மேஸ்திரி போன் போடுவார்.
"மீட்டிங்ல என்னை நிக்க வெச்சுக் கேக்குறாங்கம்மா,
தெருவே ஊருக்குப் போயிடுச்சான்னு."

அக்டோபர் இருபத்தெட்டு. தூறல்.
அஞ்சலாட்சி வீட்டில் பூட்டு, அன்றைக்குப் பதினொன்றாவது.
விடியலில் துறைமுகத்தில் ஏலம் எடுத்து
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் கூடையோடு போயிருப்பாள்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
சுவரில் சைபர் போட்டேன், போனிலும்.
பொய் மாதிரியே இல்லை அது.
கழுவிக் கவிழ்க்குமுன் பார்க்கிற
குடத்தின் வாய் மாதிரி
வட்டமாக, சுத்தமாக.

அன்று சாயங்காலமே
என் சைபர் மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தது.
மற்ற சைபர்களோடு கூடி, வகுபட்டு,
சதவீதமாகி,
வரைபடத்தில் எங்கள் தெருவுக்குப் பச்சை.
புகை வண்டி முனைவரை வந்து
அடுத்த தெருவுக்குத் திரும்பியது.
நானே பார்த்தேன். டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள்
பெரியாஸ்பத்திரியிலிருந்து காய்ச்சல் பட்டியல்.
மூன்றாவது வரி: கனிஷ்கா, வயது ஏழு,
தாய் பெயர், கதவு எண்.

வீடு திறந்திருந்தது.
பிள்ளையின் மாற்றுத் துணி எடுக்க வந்தவள்
சுவரைத்தான் காட்டினாள்.
"இந்த முட்டை நீ போட்டதா?"
ஆமாம்.
"நான்தான் இல்லையே. எந்த வழியாப் பாத்த?"

கொல்லைப்புறம் போனேன்.
மூடி தொலைந்த மீன் ஐஸ் பெட்டி, மழைத் தண்ணீர்,
மேலே இரண்டு வேப்பிலை.
நாற்பத்திரண்டுவரை எண்ணினேன்,
அதற்குமேல் எது எண்ணியது, எது எண்ணாதது
என்று தெரியவில்லை.
கவிழ்த்துக் கொட்டினேன்.
அந்தத் தேதியைத் திருத்தலாமென்று போனைத் தட்டினால்
பூட்டுப் படம் வருகிறது.
முடிந்த நாள், மாற்ற முடியாது.

துப்பட்டா முனையை நனைத்துக்கொண்டு
சுவரை நெருங்கினேன்.
கையைப் பிடித்தாள். செதில் ஒட்டிய கை.
"அழிக்காத. அது இருக்கட்டும்."
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
ஏலக்காரன் விலை கூவும் அதே ராகத்தில்
பிள்ளையின் ரத்தத் தட்டுகளைச் சொன்னாள்:
"முந்தாநாள் முப்பத்தெட்டாயிரம்,
நேத்து நாப்பத்தொண்ணு,
இன்னிக்குக் காலைல அறுவது.
ஏறுது. ஏறுதுன்னு டாக்டர் சொல்லுது."
அவள் எந்தக் கணக்கையும் எழுதிவைத்திருக்கவில்லை.

மறுநாள் பதினான்கு 'பூட்டு' ஏற்றினேன்.
மேஸ்திரி போன் அடித்தது.
நிற்கட்டும் என்று விட்டேன், மறுபடி அடித்தது.
"ஆமாம் சார், பதினாலு.
ஆறு மணிக்கு மேல வந்து பாக்குறேன்."
"அதுக்குக் கூலி கிடையாதும்மா."
"தெரியும் சார்."

கனிஷ்கா வீடு திரும்பி ஒரு மாதம்.
கூரை இறவாணத்துக்குக் கீழே
மழை படாத இடம் அது.
இன்னும் இருக்கிறது.
பக்கத்தில் வாரா வாரம்
புதுத் தேதி போடுகிறேன்,
அதை இடிக்காமல்.