வாடகை பூட்ஸ்

ரோட்ஸ் ஊரிலிருந்து மண்பாதையில் ஒரு மணி நேரம்.
கடைசி வளைவில் வேன் இளைக்கும்போது
எல்லோருக்கும் அதே கேள்விதான்:
இவ்வளவுதானா?

இவ்வளவுதான்.
காய்ந்து பழுப்பேறிய புல்மலையில்
சிராய்த்த முழங்காலுக்கு ஒட்டிய பிளாஸ்டர் போல
ஒரு வெள்ளைப் பட்டை.
இருபுறமும் ஆடுகள் மேய்கின்றன.
அவை தலை தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

நான் பூட்ஸ் கொடுப்பவன். பூபாலன் மூட்லி,
டர்பன் வெக்கையில் பிறந்தவன்.
இருபத்திரண்டு சென்டிமீட்டர் முதல் முப்பத்தொன்று வரை
பாதங்களின் கணக்கு என்னிடம்.
மலையைப் பற்றி எவர் எது சொன்னாலும்
என் கவுண்டரைத் தாண்டித்தான் போகிறது.

இரட்டைக் கட்டைக்காரர்கள் சொல்கிறார்கள்:
இந்த ஒற்றைப் பலகைக்காரர்கள்
நடுச்சரிவில் உட்கார்ந்துவிடுகிறார்கள்,
நடுரோட்டில் மாடு படுத்த மாதிரி.
சுரண்டிச் சுரண்டிப் பனியை வழித்துவிடுகிறார்கள்.
மத்தியானத்துக்கு மேல் எங்களுக்கு மிஞ்சுவது
அடிப்பிடித்த சட்டி.

ஒற்றைப் பலகைக்காரர்கள் சொல்கிறார்கள்:
அந்த இழுவைக் கயிற்றுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது.
பக்கவாட்டில் நிற்பவனைப்
பாதிவழியில் உதறிவிடும்.
மற்றபடி ஓகே, அண்ணா.
ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்குமா?

ஆல்ப்ஸ் அடிவாரத்தில் வளர்ந்தவராம் ஹோஃப்லெக்னர்.
ஜோகன்னஸ்பர்க்கில் லிஃப்ட் கம்பெனியில் ஓய்வு பெற்றவர்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்:
"எங்கள் ஊரில் இது கார் நிறுத்துகிற இடம்."
அன்று நாற்பத்தொரு முறை இறங்கினார்.
எண்ணியது நான் அல்ல, அவரே.
கயிறு நின்ற பிறகு கடைசி ஆளாக வந்து
பூட்ஸை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்,
"நாளைக்கு எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?"

சாட்ஸ்வொர்த்திலிருந்து மூன்று கார் நிறையப்
படையாச்சி குடும்பம்.
பிரியாணிச் சட்டி, ஐஸ் பெட்டி, ஒன்பது பிள்ளைகள்.
வாசுகி படையாச்சி கால் வைத்தார், விழுந்தார்,
விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார்:
"ஃப்ரீசரைத் திறந்தால் போதாதா,
இதற்கு இத்தனை பெட்ரோலா?"
போகும்போது ஐஸ் பெட்டியை வழித்துக் கழுவி
விளிம்புவரை பனி அள்ளிக்கொண்டு போனார்.
ஊர் சேர்வதற்குள் என்ன ஆகும் என்று
அவருக்குத் தெரியாதா என்ன.

வாய் ஒன்று சொல்லும்,
திரும்பி வரும் பூட்ஸ் வேறொன்று சொல்லும்.
உள்ளே கை விட்டால் தெரிந்துவிடும்:
பயந்தவர் விரல்களைச் சுருட்டிச் சுருட்டிக்
குழியாக்கிய இடம்.
சலிப்பாகப் பேசியவரின் பூட்ஸில்தான்
சூடு அதிக நேரம் நிற்கிறது.

இங்கே வானம் பனி தருவது அபூர்வம்.
சோலிலே செய்கிறான்.
ஜூலை ராத்திரிகளில் அணை நீரைக் குழாயில் ஏற்றி
பீரங்கி போன்ற ஒன்றால் இருட்டில் சுடுகிறான்.
நேற்று பெர்க் காற்று அடித்தது.
வெள்ளைப் பட்டை ஓரத்தில் பிய்ந்து
புல் எட்டிப் பார்த்தது.
வெப்பமானி ஒன்றைவிட்டு இறங்கவில்லை.
விருந்தினர்கள் தூங்கினார்கள், மலையைப் பற்றிய
தங்கள் முடிவுகளோடு.
நாங்கள் இருவரும் காபி ஆற ஆறக் காத்திருந்தோம்.

இரண்டே முக்காலுக்கு மைனஸ் மூன்று.
பீரங்கி உறுமியது.
குழாயைத் தோளில் போட்டு மேட்டில் ஏறியபடி
சோலிலே கேட்டான்,
"இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்?"
"சின்னது என்கிறார்கள்."
நின்றான். மூச்சு புகைந்தது.
"இந்தக் குழாயை ஒருமுறை
மேலே இழுத்துக் கொடுக்கச் சொல்,
அப்புறம் பேசட்டும்."

விடிந்தது. முதல் வேன் இளைத்து நின்றது.
இறங்கியவர் மலையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
இவ்வளவுதானா, என்றார்.

கால் அளவு என்ன, என்றேன்.