பழைய எண், புதிய எண்

புகார் ஆஸ்ட்ராவாவிலிருந்து வந்தது.
சரக்கு ரயிலுக்குப் பெட்டி கோக்கும் கணினி,
அதற்குப் பொறுப்பு யிந்த்ரிஷெக் என்றொருவர்.
இரண்டே வரி எழுதியிருந்தார்:
“பார்க்கப்பட்டது நன்றாக இருக்கிறது.
பார்த்துக்கொண்டிருந்தது செத்துவிட்டது.”

பார்த்துக்கொண்டிருந்தது எங்களுடையது.
ஒரு நிரல் கெர்னலிடம் போய்
கோப்பைத் திற, படி, எழுது, மூடு,
கொஞ்சம் தூங்க விடு
என்று கேட்பதையெல்லாம்
ஒன்று விடாமல் குறித்துக்கொள்ளும் கருவி.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு
பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறது.

என் மேஜையில் அது சாகவில்லை.
நூறு முறை ஓட்டினேன். ஆயிரம் முறை.
“ஆஸ்ட்ராவாவில் மின்சாரமே அப்படித்தான்” என்றான் ராதிம்.
ப்ர்னோவில் அன்று பனிகூட
அரைமனதாகத்தான் விழுந்தது.
இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு
எட்டாம் எண் ட்ராமில் வீட்டுக்குப் போய்
உருளைக்கிழங்கு வேகவைத்தேன்.

காலையில்,
நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழாம் முறையில்
செத்துக் கிடந்தது.

ஒற்றனுக்குப் பின்னால் இன்னொரு ஒற்றனாக
அதே கருவியை அதன் மேலேயே ஏவினேன்.
தன்னை ஒருவர் பார்க்கிறார் என்றதும்
ஒழுங்காக நடந்துகொண்டது,
நம்மைப் போலவே.

மிச்சம் கிடைத்தது கோர் கோப்பு மட்டும்.
சாகும் நொடியில் மனதில் இருந்ததெல்லாம்
பதினாறடிமான எண்களில்.
மூன்று நாள் படித்தேன்.

ஏழு இழைகள் இருக்கும் வீடு.
மூத்த இழையின் எண்ணில்தான் வீட்டுக் கதவு.
கடைசி இழை ஒருநாள்
‘நான் இனி வேறு நிரல்’ என்று எக்ஸெக் சொல்கிறது.
சொன்ன கணத்தில் மற்ற ஆறும் இல்லை.
சொன்னது மட்டும் மிஞ்சி
மூத்ததன் எண்ணை எடுத்துப் போட்டுக்கொண்டு
கதவைத் திறந்து வெளியே வருகிறது.
அதன் பழைய எண்ணுக்குச்
சாவுச் சேதி வராது.
யாரும் சாகவில்லையே.

எங்கள் கருவியோ
பழைய எண்ணின் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு
கிழித்த சீட்டையே படிக்கப் போகிறது.
அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாதவரை
படிக்கவும் முடிகிறது.
நாலாயிரத்தில் ஒருமுறை
எழுதப்பட்டுவிடுகிறது.

“சுட்டியை வெறுமையாக்கு,
வெறுமை என்றால் தாண்டிப் போ.
ஒரு வரி வேலை,” என்றான் ராதிம்.
சாகாது, சரி.
ஒருவர் பாதி பேசியதை விழுங்கிவிட்டு
ஒன்றுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கும்.
வேண்டாம் என்றேன்.

கெர்னலிடம் கேட்கலாம்.
இவர் முன்பு எந்த எண்ணில் இருந்தார்
என்று கேட்டால் சொல்லும்.
கையேட்டில் இருக்கிறது, எழுபதாம் பத்திக்கு அப்பால்.
நாங்கள் கேட்டதில்லை.

கேட்க வேண்டிய இடத்தில்
குறிப்பு ஒன்று இருந்தது:
‘இந்த நிலை வரவே வராது.’
எழுதியது யார் என்று ராதிம் தோண்டினான்.
பதினோரு வருடத்துக்கு முன், ஹெ. கொபெட்ஸ்கா.
“யார் இந்தம்மா? இப்போது எங்கே?”
சிரித்தபடி கேட்டான்.

அந்தப் பெயரில் ஐந்து வருடம் இருந்தேன் என்றேன்.

கோப்பையில் இல்லாத டீயை
அவன் நெடுநேரம் குடித்தான்.

திருத்தம் நாலு வரிதான்.
பழைய எண்ணைக் கேள்.
அதன் சீட்டைத் தேடி எடு.
தலைப்பில் உள்ள எண்ணை மட்டும் அடித்துப் புதியது எழுது.
கிழிக்காதே.

ஒன்பதாயிரம் முறை ஓடியது.
‘வரவே வராது’ என்ற வரியை நீக்கினேன்.
திரையில் ஒரே பக்கத்தில்
சிவப்பில் கொபெட்ஸ்கா, பச்சையில் ஷிம்கோவா.
அனுப்பிவிட்டு ஜன்னலைத் திறந்தேன்,
ஹீட்டர் சூடு தாங்காமல்.

யிந்த்ரிஷெக் மறுநாள் எழுதினார்:
“ஓடுகிறது. நன்றி.
இப்போதுதான் தெரிகிறது,
தப்பெல்லாம் எங்கள் நிரலில்.”